ஆற்றங்கரை என்று எழுதிய சீட்டு

செத்த ஈயின் வால்நுனியை ஊசியால் வெளியே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் இஸ்க்ரா நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். "ஸ்தாமென் அண்ணே, இந்த ஈ எந்தப் புத்தகத்துலயும் இல்ல. புதுசு!"

இறைச்சி ஈக்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். சாம்பல் உடம்பு, முதுகில் மூன்று கறுப்புக் கோடு, வயிற்றில் சதுரங்கக் கட்டம். ஆண் ஈயின் வாலுக்குள் மடங்கிக் கிடக்கும் கொக்கிகளைப் பார்த்தால்தான் இனம் பிரியும். அருங்காட்சியகத்தில் பெட்டி தூக்குவது என் வேலை. செங்கல் சூளையில் கிடந்த காலத்தில், நாற்பத்தாறு வயதில், மாலைப்பள்ளிக்குப் போய் எழுத்துப் படித்தவன். கை பழகட்டும் என்று ஈக்குக் கீழே குத்தும் சீட்டுகளை டாக்டரம்மா என்னையே எழுத வைத்தார். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர்.

அந்த ஈக்கு 'டான்யூப் ஆற்றங்கரை, வில்லோ மரத்தடி' என்று எழுதியிருந்தேன். பொய். அதை என் சமையலறையில் பிடித்தேன்.

டாக்டரம்மா மூன்று முறை வலையோடு கரைக்குப் போனார். முழங்கால்வரை சேறு, இன்னொரு ஈ அகப்படவில்லை. "சரி, ஒத்த ஈயை வெச்சே கட்டுரை எழுதி வெள்ளிக்கிழமை அனுப்பிடறேன். பேரும் ஆத்தங்கரைன்னே வெச்சிடலாம்" என்றார்.

அன்று எனக்குச் சூப் இறங்கவில்லை. அச்சில் ஏறிவிட்டால், நான் போன பிறகும் எவனாவது அந்த மரத்தடியில் வலையோடு நிற்பான். சொன்னால், என் மனைவி கடைசியாகச் சமையலறையில் வைத்துப்போன வாளி போய்விடும்.

வியாழன் காலை சொல்லிவிட்டேன். "அது ஆத்தங்கரை இல்லம்மா. என் வீடு. செத்த நத்தையில வந்தது. என் பொஞ்சாதி நெவெனா மே மாச மழையில சமைக்கறதுக்கு ஒரு வாளி நத்தை பொறுக்கிட்டு வந்தா. மறுநாளே போயிட்டா. நான் அதைத் தொடவே இல்ல."

"அட மனுஷா! எனக்கு மூணு ஜோடி சாக்ஸ் போச்சே!" வலையை எடுத்துக்கொண்டார். "கிளம்புங்க."

"வீடு நாறும்மா."

"நான் மட்டும் ரோஜாத் தோட்டத்துலயா வேலை பாக்கறேன்?"

சாவுக்கு வந்தவர்களுக்குப் பிறகு என் வாசற்படி ஏறியவர் அவர்தான். வாளியின் முன் மண்டியிட்டு, இடுக்கியால் ஓடுகளை விலக்கினார். அடியில் ஈப்புழுக்களின் பழுப்புக் கூடுகள், இரண்டு இன்னும் உடையவில்லை.

"எல்லாமே வேணும் அண்ணே. வாளியோட."

தலையாட்டினேன். பழைய சீட்டைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"கிழிக்கக் கூடாது. ஒருதடவ குத்தின சீட்டு ஈயோடயே இருக்கணும். உண்மையை எழுதி அதுக்கு அடியில குத்துங்க. நத்தை பொறுக்கினவங்க பேரையும் சேத்து எழுதுங்க."

நெவெனாவின் பெயரை அதுவரை நான் எழுதியதே இல்லை. அரிசி அகலச் சீட்டில் இரண்டுமுறை பிசகியது.

பேருந்து நிறுத்தம்வரை வாளியை நானே தூக்கிப் போனேன். டாக்டரம்மா அதை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார். திரும்பி வந்து சமையலறையைப் பெருக்கினேன். வாளி இருந்த இடத்தில் தரை வட்டமாக வெளுத்திருந்தது. துடைப்பம் அதைச் சுற்றிச் சுற்றியே போனது.