ஒரு நாளைக்குத்தானே

மலாயாவில் கூலிம் பட்டணத்து ஓரத்தில் இருந்த முதியோர் இல்லத்தில் அன்று காலையிலிருந்தே சுண்ணாம்பு வாசனை. மறுநாள் பிரேமாவதி அம்மாளின் முதலாண்டு நினைவு நாள். அவர் படத்தைத் திறந்து வைக்கத் ரப்பர் தோட்டத்துத் துரையே வருகிறார். இல்லத்தின் செயலாளர் கதிரவேலு, ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி, விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, முன்னறைக்கு வெள்ளையடிப்பதைப் பக்கத்தில் நின்று கவனித்தார்.

பிரேமாவதி அம்மாள் ரயில்வே கிராணி ஒருவரின் விதவை. ஜப்பான்காரன் சண்டை முடிந்த வருஷம், தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட முதியவர்களையும், பட்டாளத்தில் ஊனமாகித் திரும்பியவர்களையும் தம் சொந்த வீட்டிலேயே கொண்டுவந்து சேர்த்தார். ஆள் வைத்துச் செய்யவில்லை. புண்ணைக் கழுவி மருந்து போடுவதும், கை நடுங்குகிறவர்களுக்குக் கஞ்சி ஊட்டுவதும் அவரேதான். கண் மூடும் வரைக்கும் அதில் ஒரு நாள் தவறியதில்லை.

முன்னறைச் சன்னலோரம் ராக்காயிக்குக் கட்டில் போட்டதும் அவர்தான். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போன ராக்காயியின் புருஷன் திரும்பவே இல்லை. இடுப்பு விழுந்து படுத்த படுக்கையான பின்னும் அவள் சாலையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவன் இனி வரமாட்டான் என்று யாரும் அவளிடம் சொல்லக் கூடாது என்பது அம்மாளின் கட்டளை.

படம் மாட்ட வேண்டுமானால் அந்தக் கட்டிலை எடுக்க வேண்டும். ராக்காயி சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விட மறுத்தாள். கதிரவேலு யோசித்துவிட்டு ஏசுதாசனைக் கூப்பிட்டு அனுப்பினார். பர்மா எல்லையில் இடது காலைக் கொடுத்துவிட்டு வந்த பட்டாளத்துக்காரர் அவர். ராக்காயிக்கு அண்ணன் முறை வைத்துப் பேச அந்த இல்லத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

“ஒரு நாளைக்குத்தானே, ஏசுதாசன். விழா முடிஞ்ச உடனே பழையபடி கொண்டுவந்து விடலாம். நீர் சொன்னால் கேப்பா” என்றார் கதிரவேலு.

கதிரவேலு படித்தவர், கோயிலுக்கும் போகிறவர். ஏசுதாசன் நம்பினார். ராக்காயியின் பக்கத்தில் உட்கார்ந்து, “நாளைக்குச் சாயங்காலம் நானே கூட்டியாறேன் தங்கச்சி. மாதா சாட்சியா” என்றார். அவள் கம்பியை விட்டாள். பின்கட்டு விறகுக் கொட்டகைக்கு அவளைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள்.

விழா சிறப்பாகத்தான் நடந்தது. துரை திரையை விலக்கினார், எல்லாரும் கைதட்டினார்கள். அம்மாளின் அன்பைப் பற்றி ஆறு பேர் பேசினார்கள். ஏசுதாசனை மார்பில் பதக்கத்தோடு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்க வந்த சமையல்காரி பிச்சையம்மாள் அவர் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்: “படத்துக்குக் கால நீட்டிப் படுக்க இம்மாம்பெரிய ரூமு வேணுமாக்கும்.”

மத்தியானம் பிடித்த மழை நான்கு மணிக்கு விட்டது. ஏசுதாசன் கட்டைக் காலை ஊன்றிக்கொண்டு முன்னறைக்குப் போனார். கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

கதிரவேலு பொறுமையாகவே விளக்கினார். துரைக்கு அறை மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த மாதம் பினாங்கிலிருந்து பெரிய மனிதர்களை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே அது நினைவு அறையாகவே இருக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. நோயாளியைப் போட்டால் நாறும். கொட்டகைக்கு நல்ல தட்டி அடித்துக் கொடுத்தால் போயிற்று.

கொட்டகையில் கூரை ஒழுகிக் கட்டிலில் விரித்த பாயின் ஒரு பக்கம் நனைந்திருந்தது. ராக்காயி சேலைத் துண்டில் தன் சாமான்களை முடிச்சுப் போட்டு மார்பின் மேல் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

“போலாமாண்ணே?”

ஏசுதாசனின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. “தொரை சொல்லியிருந்தாக்கூட கைய விட்டிருக்க மாட்டேன். நீ சொன்னியேன்னுதான் விட்டேன்” என்று விறகுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கதிரவேலு சைக்கிளில் ஏறப்போகும் சமயம் ஏசுதாசன் முன்னால் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“என் வாயால அவள ஏமாத்த வச்சிட்டீங்களே ஐயா. அம்மாவ செவத்துல மாட்டிட்டு, அம்மா தூக்கியாந்தவள மழையில போட்டாச்சு. ஒருவாட்டி வந்து பாருங்க. பாத்துட்டு வீட்டுக்குப் போங்க.”

கதிரவேலு அதுவரை கொட்டகைக்குள் போனதே இல்லை. அன்று போனார். நனைந்த பாயையும், விறகைப் பார்த்துக் கிடந்தவளையும், அவள் மார்பில் இருந்த மூட்டையையும் பார்த்தார். ஆறு பேரில் ஒருவராக மேடையில் தாம் பேசியதை நினைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. செயற்குழுவைக் கேட்கவில்லை. பூட்டைத் திறந்தார். கட்டிலின் ஒரு முனையைத் தாமே பிடித்தார், மறுமுனையைப் பிச்சையம்மாள் பிடித்தாள்.

ராக்காயி மறுபடி முன்னறைக்கு வந்தாள். ஆனால் ஏசுதாசன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

“கோவம் ஆறிப் போயிடும்” என்றார் கதிரவேலு, தலை குனிந்தபடி.

“ஆறலேன்னாலும் சரிதான் ஐயா. செத்தவங்களுக்கு மால போட அரை நாள் போதும். அவங்க விட்டுட்டுப் போன வேலைய தெனமும் செஞ்சாத்தான் அவங்கள நெனச்சதா ஆவும். நாளைக் காலையில அவளுக்குக் கஞ்சி நான்தான் ஊட்டப்போறேன். வாய தொறக்குறாளோ இல்லியோ, கொண்டுக்கிட்டுப் போய் உக்காருவேன்.”