அபோந்தியின் கீரைப்பாத்தி

மண்வெட்டியின் மேல் காலை வைத்து அழுத்தினாள் மாமியார் ரிஸ்பா.

"கைய எடுடீ, அலேகோ ஊர்லேர்ந்து வந்தவளே. மூத்தவன் உன் வீட்டுக்குள்ள வந்து படுக்காம இந்த மண்ணுல ஒரு விதை விழக் கூடாது."

அபோந்தி காம்பை விடவில்லை. முதுகில் துணியால் கட்டியிருந்த ஒச்சோலா முனகினான். தகப்பன் செத்தபின் பிறந்த பிள்ளை. இரண்டு வயதாகியும் நடக்கவில்லை. பாதங்கள் வீங்கியிருந்தன. முடி சோளக்குஞ்சத்தைப் போல வெளுத்துச் செம்பட்டையாகிவிட்டது. மக்காச்சோளக் களியும் வெறும் தேநீருமாக வளர்ந்த உடம்பு.

"மணத்தக்காளிக் கீரை, நல்வேளைக் கீரை, அவரைக்கொட்டை, கொஞ்சம் பால். எல்லாம் நம்ம ஊர்ல விளையிறதுதானே, ஏன் குடுக்கல?" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் திட்டித்தான் அனுப்பியிருந்தாள்.

ஏன் கொடுக்கவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? மாமியாரின் நிலம் முழுவதும் மூத்த மகன் ஒக்வேனோவின் கரும்பு. கொழுந்தனோ மூத்தாரோ ஏற்றுக்கொள்ளாத விதவை தன் துண்டு நிலத்தில் விதைக்கக் கூடாது. அடுத்த வீட்டு வாசலை மிதித்து ஒரு பிடி கீரை கேட்கவும் கூடாது. மீறினால் குடும்பத்தின் மேல் சாபம் இறங்கும். பிள்ளை வாடுவதே அந்தச் சாபம்தான் என்று ஏரிக்கரை முழுக்கப் பேசினார்கள்.

"மூத்தாரு ரெண்டு பொண்டாட்டிகிட்டயும் மாறி மாறி ஏச்சு வாங்குறது பத்தாதா, அத்தை? மூணாவதா நான் வேறயா?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல! நானும் உன்ன மாதிரி நின்னவதான். என் கொழுந்தன் வந்தான். நான் கதவத் தொறந்தேன். மறுநாள் விதைச்சேன். செத்தா போயிட்டேன்?"

அபோந்தி அவள் முகத்தைப் பார்த்தாள். கிழவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேற்றைய மழையில் மண் பொதபொதவென்று ஊறிக் கிடந்தது. இந்த ஈரம் போனால் அடுத்த மழை எப்போதென்று யாருக்கும் தெரியாது. அபோந்தி மண்வெட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் குந்தினாள். விரல்களாலேயே மண்ணைக் கீறி, முந்தியில் முடிந்திருந்த விதையை அவிழ்த்தாள்.

"அடியே! இதுல மொளைக்கிறத இந்த வீட்டுல ஒருத்தரும் வாயில வைக்க மாட்டோம்."

"நல்லதுதான். எல்லாம் இவனுக்கே ஆச்சு."

ரிஸ்பாவின் குரல் தாழ்ந்தது. "கீரை தலையெடுக்கிறதுக்குள்ள பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீ விதைச்ச விதைதான் கொன்னுச்சுன்னு சொல்லுவாங்கடீ."

"விதைக்காமலே போயிட்டான்னா?"

பிள்ளையின் வீங்கிய பாதத்தைத் தொடப் போன கிழவி கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்பவும் உன்னத்தான் சொல்லுவாங்க."

"அப்ப விதைச்சிட்டே கேட்டுக்கறேன்" என்று அபோந்தி அடுத்த வரியைக் கீறினாள்.