எழுபத்தெட்டுக்குப் பிறகு பிறந்தவர்கள்

மருத்துவக் காப்புறுதிக்காரரின் கடிதம் வந்த அன்று நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆதிரை கதிரையில் ஒரு காலை மடித்துப் போட்டு இருந்து, உறையைக் கிழித்து, வழக்கம்போல முதலில் தனக்குள்ளேயே ஒருமுறை வாசித்தாள். அந்தத் தனக்குள் வாசிப்பு என் மனுசனுக்குப் பிடிக்காது. எங்களுக்குத் தமிழில் சொல்லும்போது மகள் பாதியை விழுங்கிவிடுகிறாள் என்பது அவருடைய நெடுநாள் சந்தேகம். தியாகராசா என்கிற அந்த மனுசனின் சந்தேகத்துக்குத் தப்பிய பொருள் எங்கள் வீட்டில் கிடையாது. பால் பெட்டியில் திகதி பார்ப்பார், பார்த்த பிறகு மணந்தும் பார்ப்பார். ஜெர்மனிக்கு, இந்தப் பீலெஃபெல்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும், கதவு மணி அடித்தால் முதலில் யன்னல் சீலையைத்தான் விலக்குவார்.

ஒவ்வொரு புது வருஷத்துக்கும் இப்படி ஒரு கடிதம் வரும். என்ன கூடியது, என்ன குறைந்தது என்று மரியாதையாக எழுதியிருப்பார்கள். எனக்குத் தெரிந்து கூடியவையெல்லாம் நாங்கள் கட்டுகிறவை, குறைந்தவையெல்லாம் அவர்கள் தருகிறவை. தொண்ணூற்றேழின் கடிதத்தில் மருந்துப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் நாங்கள் இன்னுமொரு மார்க் கூடக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. மூக்குக் கண்ணாடிச் சட்டத்துக்குத் தந்துவந்த இருபது மார்க் இனி இல்லை. இவற்றையெல்லாம் ஆதிரை கடகடவென்று சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசிப் பந்தியில் வேகம் குறைந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தெட்டு டிசம்பர் முப்பத்தோராம் திகதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் கட்டுப்பல்லுக்கான பங்கை இனிக் காப்புறுதி தராது. சொல்லிவிட்டு, இடது கையால் வாயைப் பொத்தியபடி அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

வாயைப் பொத்துவது டிசம்பரில் வந்த பழக்கம். மேல்வாயின் முன்பல் ஒன்று வேரோடு பழுதாகி, மூன்று தடவை துளைத்து அடைத்தும் சரிவராமல், கடைசியில் பிடுங்க வேண்டியதாயிற்று. புண் ஆறட்டும், புது வருஷத்தில் வாருங்கள், இரண்டு பக்கத்துப் பல்லிலும் பிடித்துப் புதுப் பல் கட்டலாம் என்று பல் வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். மார்ச் ஆறாம் திகதி அவளுக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் நேர்முகம் இருந்தது. தொழில் பழகும் இடம். நாற்பது விண்ணப்பம் போட்டதில் கூப்பிட்ட ஒரே கடை. கடிதத்தின்படி, எங்கள் கடதாசிகளில் எழுபத்தொன்பது நவம்பர் பதினேழு என்று பிறந்த தேதியுள்ள ஆதிரைக்கு ஒரு பெனிக் காசும் கிடையாது. கட்டுகிற பல்லோ, நான் முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்து எடுக்கிற இரண்டு மாதச் சம்பளம்.

ஆனால் ஆதிரை பிறந்தது எழுபத்தெட்டில்.

அதைச் சொல்லிவிடுகிறேன். எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லினில், ஷோனெஃபெல்டில் வந்திறங்கிய விமானத்தில் எங்களோடு வந்த தவராசா அண்ணை தந்த புத்தி அது. அவருக்கு ஏற்கெனவே இங்கே தம்பி இருந்தார், அதனால் எல்லாம் தெரிந்தவராக நடந்துகொண்டார். ஆறு வயதென்றால் பாஷை தெரியாத பிள்ளையை உடனே பள்ளிக்கூடத்தில் தள்ளிவிடுவார்கள், ஐந்தென்று சொன்னால் ஒரு வருஷம் விளையாடிப் பாஷை பிடித்துக்கொள்ளும் என்றார். கடவுச்சீட்டுகளை எங்களை அனுப்பிய ஏஜென்சிக்காரன் வாங்கிக்கொண்டுவிட்டான், சொன்னதுதான் பதிவு. ஆறு என்று இரண்டு கையாலும் காட்டப் பழகியிருந்த பிள்ளைக்கு என் மனுசன் விமானத்திலேயே பாடம் எடுத்தார். ஒரு கையை மட்டும் காட்டு, மற்றக் கையை மடிக்குள் வை. வந்த நவம்பரில் அகதிகள் விடுதியில் அவளுக்கு இரண்டாந்தரமாக ஆறு வயது கொண்டாடினோம். கேக்கைக் கண்ட சந்தோஷத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தோம்.

கடிதம் வந்த அன்று ஆதிரை தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் மனுசன் குரலைத் தாழ்த்தினார்.

"கவனிச்சனீரே? எத்தினையோ வருசம் கிடக்கு. எங்கடை பிள்ளையின்ரை வருசத்திலை கொண்டுவந்து ஏன் கோடு கீறினவங்கள்?"

போன ஒக்டோபரில் ஆதிரையின் பெயரில் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். அதற்காக மனுசன் கொழும்பில் ஒருவரைப் பிடித்து, எழுபத்தொன்பது என்று போட்ட பிறப்புச் சான்றிதழ் ஒன்று எடுத்துக் கொடுத்திருந்தார். அவருடைய கணக்கு நேரானது. அந்தச் சான்றிதழில் அரசாங்கத்துக்கு ஐமிச்சம் வந்துவிட்டது, நேரே கேட்டால் மறுப்போம் என்று தெரியும், ஆகவே பல்லில் கைவைத்திருக்கிறார்கள். பல்லுக்கு ஆசைப்பட்டு நாங்களாகவே உண்மைச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், அங்கே வைத்து அமுக்கலாம். புண் ஆறட்டும் என்று டிசம்பரில் திருப்பி அனுப்பிய பல் வைத்தியரும் இதில் கூட்டு. ஒரு பிள்ளையின் பிறந்த வருஷத்தைப் பிடிக்க ஒரு நாடு சட்டம் போடுமா என்று கேட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தை மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். முகவரியில் எங்கள் பெயர் மட்டும் மற்ற எழுத்தைவிடக் கறுப்பாக இருந்தது போலப் பட்டது. இந்த வியாதி தொற்றும்.

மற்றத் தமிழருக்கும் இதே கடிதம் வந்ததா என்று விசாரிக்கப் போகிறேன் என்றார். விசாரித்த விதம்தான் கெட்டது. பள்ளிக்கூட மண்டபத்தில் பொங்கல் விழா. கையில் பொங்கல் தட்டோடு ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் மூத்தவன் எந்த வருஷம், இளையவள் எந்த வருஷம் என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். அந்த மண்டபத்தில் வயது குறைக்காத பிள்ளை ஒன்று இருந்திருந்தால் எனக்கு ஆச்சரியம்தான். ஒரு தாய் பிள்ளையைக் கையில் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். ஒருவர் தன் மகன் பிறந்த வருஷத்தைத் தன் மனைவியிடம் கேட்டார், மனைவி மேலே பார்த்தாள். இரண்டு குடும்பங்கள் நடனம் தொடங்க முதலே வெளிக்கிட்டுவிட்டன. கடைசியில் தவராசா அண்ணையே வந்து, தம்பி எந்தக் கந்தோருக்காக விபரம் எடுக்கிறீர் என்று மெல்லமாகக் கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கவில்லை. அதையும் மனுசன் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாம், அதனால்தான் ஒதுங்குகிறார்களாம்.

பெப்ரவரி பிறந்தது. பிள்ளை சாப்பாட்டு மேசையிலும் கையை எடுக்காமல் சாப்பிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேரே காப்புறுதிக் கந்தோருக்குப் போனேன். கைப்பையில் பழைய சான்றிதழ் இருந்தது, யாழ்ப்பாணத்தில் எடுத்தது, எழுபத்தெட்டு என்று மையால் எழுதியது. பல்லைக் கேட்கலாம் என்றும் நினைத்தேன், ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றும் நினைத்தேன்.

மேசைக்குப் பின்னாலிருந்த பெண்ணுக்கு என் வயதிருக்கும். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், ஏன் எழுபத்தெட்டு என்று மட்டும் கேட்டேன். அவள் பெருமூச்சு விட்டாள். இது தாங்கள் போட்ட கோடு இல்லை, நாடு முழுவதற்கும் போட்ட சட்டம், தன்னுடைய மகன் எண்பத்தொன்று, அவனுக்கும் கிடையாது என்றாள். இளம் ஆட்கள் பல்லைக் கவனமாக வைத்திருக்கலாம்தானே என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்களாம், தனக்கும் அது நியாயமாகப் படவில்லையாம். பிறகு மகளின் பெயரைக் கேட்டுக் கணினியில் தட்டினாள். பிறந்த தேதியைக் கேட்டாள். பதினேழு, நவம்பர் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவளே திரையைப் பார்த்து வருஷத்தை வாசித்தாள்.

"அநியாயம்," என்றாள். "ஒரு பத்தரை மாதம் முந்திப் பிறந்திருக்கலாம்."

மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தேன். நன்றி சொல்லி எழும்பினேன். கதவடியில் திரும்பிப் பார்த்தபோது அவளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அது இரக்கமா வேறெதுவுமா என்று பஸ்சில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். சான்றிதழ் கொண்டுபோனதைச் சொல்லவில்லை. மனுசன் கேட்டுவிட்டு, அவள் அப்படித்தான் சொல்லுவாள் என்றார். மகன் எண்பத்தொன்று என்று அவளாக வந்து சொல்வானேன், அதிலேயே விளங்கவில்லையா என்றார். நான் கோபத்தில் பானை மூடியைப் போட்ட சத்தத்துக்கு ஆதிரை அறையிலிருந்து வந்தாள். கையில் பல் வைத்தியரின் மதிப்பீட்டுப் பத்திரம். மேசையில் வைத்து, பேனையையும் அதன்மேல் வைத்தாள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். காசைக் கண்ணாடிக் கடையில் வேலைக்கு எடுபட்ட பிறகு தானே மாதாமாதம் கட்டித் தீர்ப்பதாகச் சொன்னாள்.

மனுசன் பத்திரத்தைத் தொடவில்லை. எங்கள் கையெழுத்தோடு, அந்தப் பிறந்த தேதியோடு, இன்னுமொரு கடதாசி ஊரில் உலாவுவது அவருக்குப் பிடிக்கவில்லை.

"கொஞ்சம் பொறு பிள்ளை. உன்ரை குடியுரிமை அன்ட்றாக்குக்கு முதல் பதில் வரட்டும். பல்லுக்கு என்ன அவசரம்?"

"ஆறாம் திகதி நேர்முக டெர்மின் அப்பா. வாயைப் பொத்திக்கொண்டு ஆருக்கும் கண்ணாடி விக்க ஏலாது."

அவள் பத்திரத்தின் அடியில் இருந்த வெறும் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மிகச் சாதாரணமாகக் கேட்டாள்.

"எனக்குப் பதினெட்டு எப்ப வரும்?"

"வாற நவம்பர்," என்றார் அவர்.

அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த ஒரு கணத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கைப்பை கைக்கெட்டும் தூரத்தில் கதிரையில் தொங்கியது.

"வாற நவம்பர்தான்," என்றேன் நானும்.

அவள் தலையாட்டினாள். எங்களுக்கு முன்னால் கதிரையை இழுத்து இருந்தாள். வலது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து, விமானத்தில் பழக்கியபடியே அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். மனுசன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, டிசம்பர் தொடக்கம் வாயில் ஒட்டிக்கொண்டிருந்த இடது கையை மெல்ல எடுத்து, அதில் ஒரு விரலை நிமிர்த்தி மற்றக் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். பொத்துவதற்கு இனிக் கை இல்லை. வாய் சற்றுத் திறந்திருந்தது. பல் இருந்த இடத்தின் இளஞ்சிவப்பு முரசுச் சதையை அன்றுதான் நான் நேரே பார்த்தேன்.