திருமதி பில்லிங் சாகாத வெள்ளிக்கிழமை

அப்போதெல்லாம் மான்செஸ்டரில் தொடர் நாடகங்கள் நேரடியாகவே ஒளிபரப்பாகும். உளறினால் நாடே கேட்கும். எங்கள் தொடரில் வீட்டை வாடகைக்கு விடும் திருமதி பில்லிங்காக நடித்தவர் எட்னா கிளெக். அதற்கு முன்பு வெகுகாலம் தட்டு ஏந்தி வரும் பணிப்பெண் வேடம்தான் அவருக்கு.

ஒருநாள் ஒத்திகையில் தயாரிப்பாளர் ராத்போன், "எட்னா, இந்த வெள்ளிக்கிழமை மாரடைப்புல போயிடுறீங்க," என்றார்.

"அப்புறம் வீடு யாருக்கு?"

"மருமகளுக்கு. சின்னப் பொண்ணு, லட்சணமா இருக்கா."

"ஆகட்டும்," என்றார் எட்னா.

டாக்டர் வேடம் எனக்கு. வெள்ளிக்கிழமை கட்டிலில் கிடந்தவரின் நாடியைப் பார்த்து, "எல்லாம் முடிஞ்சுது," என்றேன். எட்னா கண்ணைத் திறந்தார்.

"என்ன முடிஞ்சுது? ஒரு கப் டீ போடச் சொல்லுங்க டாக்டர்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "பிழைச்சுட்டாங்க," என்றேன். மருமகளாக நடித்த பெண் அழுகையை நிறுத்தவில்லை. இப்போது அழுதது நடிப்பில்லை.

ராத்போன் அன்றே எட்னாவை வேலையை விட்டு அனுப்பினார். ஆனால் மறுநாள் முழுக்கத் தொலைபேசி ஓயவில்லை. திருமதி பில்லிங்குக்கு உடம்பு எப்படியிருக்கிறது என்று நாடே விசாரித்தது. ராத்போன் பூங்கொத்தோடு எட்னா வீட்டுக்குப் போனார்.

"வரேன். ஆனா ஒரு மாசம் படுத்துக்கிட்டேதான் நடிப்பேன். உடம்பு முடியல பாருங்க," என்றார் எட்னா.

அதன்பின் பதினோரு வருடம் நடித்தார். என்னைத்தான் அடுத்த வாரமே மாற்றிவிட்டார்கள். உயிரோடிருப்பவளைச் செத்துவிட்டதாகச் சொன்ன டாக்டரை மக்கள் நம்பத் தயாராயில்லை.