ஆறரை மில்லிமீட்டர்

இல்லை, எலி கடித்தால் இப்படி இருக்காது, எலிக்கு முன்பக்கம் உளி மாதிரிப் பல், சுரண்டிச் சுரண்டித் தூள் பண்ணிவிட்டுப் போகும், இது சுரண்டல் இல்லை, கடி, ஒரு வாய் முழு மனசோடு கடித்த கடி, மேலே நாலு பல், கீழே நாலு பல்... அவன் அந்த மஞ்சள் கட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். கட்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுகிற, ஒன்றின் முதுகுக் குமிழ்களை இன்னொன்றின் வயிறு கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டை, அதிலும் தட்டையான வகை, இரண்டு தட்டைகள் நாற்பத்தாறு வருஷமாக ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரிக்க முடியாமல்தானே கடித்தது. யார் கடித்தது? இதென்ன கேள்வி, குடும்பத்துக்கே தெரியுமே, எலி கடித்தது. எலி என்றால் அவனுடைய அக்கா. அக்காவுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது, ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டாள், கணவனையும் மேலே அனுப்பிவைத்துவிட்டாள், இன்னும் எலிதான். அம்மாவின் வீட்டைத் தன்னந்தனியாக ஒழித்துச் சுத்தம் செய்து, வருகிற வியாழக்கிழமை மகள் இருக்கும் தேசத்துக்கு ஒரேயடியாகப் போகிறவள், போவதற்கு முன் இந்த பிஸ்கட் டின்னைப் பார்சல் பண்ணியிருக்கிறாள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. அலமாரிக்கு மேலே இருந்தது, உன்னுடையது, வந்ததும் ஃபோன் பண்ணு. அவ்வளவுதான். நலமா என்றுகூட இல்லை. அவன் மட்டும் என்ன, போன தடவை பேசியது எப்போது, அம்மாவின் வருஷத் திதிக்கா, அதற்கு அப்புறமா...

பார்சலை வேலை செய்கிற இடத்துக்கு வரவழைத்திருந்தான், பகலில் வீட்டில் ஆள் இல்லை, பகலில் என்ன, எப்போதுமே அவனை விட்டால் ஆள் இல்லை, கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒருநாள் யாருமே பேச்செடுக்காமல் நின்றுவிட்டது. கூட வேலை பார்க்கும் இரண்டு பேரும் சாப்பிடக் கிளம்பியபோது, "நீங்க வரலியா சார்?" என்று வாசலிலிருந்து கேட்டார்கள், "டப்பா இருக்குப்பா" என்றான், அவர்களும் அதையே எதிர்பார்த்துக் கேட்டவர்கள் மாதிரிச் சட்டென்று போய்விட்டார்கள். டப்பா இன்னும் திறக்கப்படவில்லை. மேஜை முழுக்க வாய்கள். பல் செட் செய்வது அவன் வேலை, பல் போனால் சொல் போச்சு என்பார்கள், போன சொல்லையெல்லாம் திருப்பிக் கொடுக்கிற உத்தியோகம் என்று சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் வாய்க்குச் சொந்தக்காரர் ஒருவரையும் அவன் பார்த்தது கிடையாது, டாக்டர் அச்செடுத்து அனுப்புவார், வெள்ளைப் பிளாஸ்டரில் மேல்தாடை ஒன்று, கீழ்த்தாடை ஒன்று, அடியில் ஒரு நம்பர். முப்பது வருஷமாக ஊர் வாயோடு குடித்தனம், ஒரு வாயாவது பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கிறதா? அவன் பேசுவான், அது வேறு விஷயம், ஏம்மா நூத்துப் பன்னெண்டு, ராத்திரியெல்லாம் பல்லை நறநறன்னு கடிச்சே தேய்ச்சிருக்கீங்களே, அப்படி என்ன கவலை... யாராவது கேட்டால் சிரிப்பார்கள். கேட்க யார் இருக்கிறார்கள்.

டின்னுக்குள் கையை விட்டு ஒரு அளை அளைந்தான், அந்தச் சத்தம், அடடா, அந்தச் சத்தம்... சரளைக் கல்லும் இல்லாத, சில்லறையும் இல்லாத அந்தக் கலகலப்பு, ஒரு கட்டை வேண்டுமென்றால் நூறு கட்டைகளைப் புரட்ட வேண்டும், அவள் கை ஒரு பக்கம் புரட்டும், அவன் கை ஒரு பக்கம், நடுவில் இரண்டு கையும் முட்டிக்கொள்ளும், சிவப்புல எட்டுக் குமிழ் ஒண்ணு குடுடா, ஜன்னல் எங்கே, நீ உக்காந்துட்டிருக்க பாரு அதுக்கு மேலேயே. அவளுக்குச் சுவர், அவனுக்குக் கதவும் ஜன்னலும், அப்படி ஒரு பாகப்பிரிவினை. இணைப்புக்கு மேலே இணைப்பு வரக்கூடாதுடா, மேல் கட்டை எப்பவும் கீழே இருக்குற ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்கணும், இல்லாட்டி சுவர் பிளந்துடும், இதைப் பத்து வயதில் அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சீருடையோடு குப்புறப் படுத்துக்கொண்டு நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு கட்டுவாள், முன்பல் இரண்டும் கீழ் உதட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். கட்டிய வீடு எதுவும் ஒரு ராத்திரியைக் கண்டதில்லை. அப்பா கிடங்கில் பொருள் காப்பாளர், போன பொருள் போனபடி திரும்பி வரவேண்டும் என்பதுதான் அவருக்கு வேதம், சாயங்காலம் அவர் சைக்கிள் மணி கேட்பதற்குள் எல்லாவற்றையும் பிரித்து, ஒன்றோடு ஒன்று கோர்த்தது ஒரு ஜோடிகூட இல்லாமல், தனித்தனியாக டின்னில் போட்டு மூடியிருக்க வேண்டும். மற்ற வீடுகளில் அப்பா வந்தால் பிள்ளைகள் ஓடி வருவார்கள், இந்த வீட்டில் வீடுகளை இடிப்பார்கள். கனத்த கட்டை சுலபமாகப் பிரியும், இந்தத் தட்டை இருக்கிறதே, இது ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிவிட்டால் நகமும் நுழையாது, கத்தியும் நுழையாது, அப்புறம் பல்தான்.

அன்றைக்கு அப்பா டின்னைத் திறந்ததும் மேலாகவே கிடந்தது இந்த ஜோடி. கோர்த்தது கோர்த்தபடி, போதாக்குறைக்குக் கடித்த தடம் வேறு. யார் கடிச்சது? அவனுக்கு ஐந்து வயது, அப்பாவின் பெல்ட் பக்கிளுக்கு நேரே அவன் மூக்கு, எலி, என்றான். அவன் சொன்னது நிஜ எலியைத்தான், சமையலறையில் ஓடுகிற எலியை, அக்காவைக் கைகாட்டவே இல்லை, சத்தியமாக இல்லை. அப்பா அவனைப் பார்த்தார், அப்புறம் அவளுடைய பல்லைப் பார்த்தார், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, "ஆமாமா, எலிதான், இதோ ரெண்டு கால்ல நிக்குதே" என்றார். அம்மா ஈரக்கையோடு எட்டிப் பார்த்துச் சிரித்தாள். மாவரைக்கிற மிஷின்கூட அத்தனை சத்தம் போட்டிருக்காது, அப்படிச் சிரித்தான் அவன், அப்பாவைச் சிரிக்கவைத்த முதல் ஆள் அந்த வீட்டில் அவன்தான். சிரித்து முடித்துவிட்டு அப்பா அவளுக்கு இரண்டு அறை கொடுத்தார், டின் அலமாரிக்கு மேலே போனது. போனது போனதுதான், அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து தரையில் படுத்து எதையும் கட்டவில்லை. அதைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை, ஆமாம், மன்னிக்க முடியாமல் இருந்தது அவன்தான், இவ கடிச்சதாலதானே போச்சு, கொஞ்சம் பொறுத்திருந்தா என்ன, என்று பெரியவனான பிறகும் ஒரு கடுப்பு. எலி என்ற பெயர் மட்டும் கூடவே வளர்ந்தது, பள்ளிக்கூடத்துக்குப் போனது, கல்யாணப் பந்தலுக்குப் போனது, மாப்பிள்ளையின் காதில் அதைப் போட்டதே அவன்தான், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கல்யாண ஃபோட்டோ ஒன்றில்கூட அவள் உதடு பிரியவில்லை. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும், இன்றைக்கும் போகும். ஒரு தடவை, அவளுக்கு முப்பது இருக்கும், இதே அறைக்கு வந்து இதோ இந்த ஸ்டூலில் உட்கார்ந்து, ஏண்டா, நீ பல்லு வேலைதானே பாக்குற, என் பல்லை உள்ள தள்ள முடியுமா, உங்க டாக்டர்கிட்ட கேக்குறியா, என்று கேட்டாள். பல்லைத் தள்ளிட்டா அப்புறம் எலி எப்படி எலியா இருக்கும், என்றான். ஒரு வேடிக்கைக்குத்தான். அவளும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. அப்புறம் கேட்கவில்லை.

சரி, சும்மா ஒரு ஆசைக்கு, அந்த முப்பது வயதுப் பல்லுக்கும் இதற்கும் எவ்வளவு பொருத்தம் என்று பார்க்கலாமே என்றுதான் பல்லின் அகலம் அளக்கிற கேலிப்பரை எடுத்தான். தொழில் புத்தி, வேறென்ன, யார் சிரித்தாலும் அவன் கண் பல்லுக்குத்தான் போகும். நடுப்பல்லின் தடத்தில் முனையை வைத்தான். ஆறரை. மில்லிமீட்டரில் ஆறரை. தப்பாக வைத்துவிட்டோமோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான், பக்கத்துப் பல்லுக்கும் வைத்தான், அடிப்பக்கம் திருப்பி வைத்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு முன்பல் விழுந்து முளைத்து மூன்று வருஷம் ஆகியிருக்கும், எட்டரைக்குக் குறையாது, அவளுடையது ஒன்பதே இருக்கும், முறம் மாதிரி என்று அம்மாவே சொல்வாள். ஆறரை என்றால் பால் பல். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இடைவெளி வேறு விட்டிருக்கிறது, பால் பல்லுக்குத்தான் அப்படி விடும். அதோடு, மேல்பல் துருத்திய வாய் கடித்தால் மேல்தடம் உள்ளே தள்ளி விழும், கீழ்த்தடம் ஓரத்தில் விழும், இது இரண்டும் நேருக்கு நேர், சின்னப் பிள்ளையின் வாய் மாதிரி, சரியாகப் பூட்டிய பெட்டி மாதிரி. அந்த வீட்டில் பால் பல்லோடு எத்தனை பேர் இருந்தார்கள்? அவன் கட்டையை மேஜைமேல் வைத்தான். நூத்துப் பன்னெண்டின் தாடைக்குப் பக்கத்தில் அது சின்னதாக இருந்தது. கடித்த ஞாபகம் கொஞ்சமாவது வருகிறதா என்று தேடினான், பல்லில் அந்த வழவழப்பு, ஈறு வலி, ஏதாவது... ஒன்றும் வரவில்லை. அப்படியானால் தெரிந்து சொன்ன பொய்யா? பொய் சொன்ன பிள்ளைக்கு எப்போது அது உண்மையாக மாறியது, அப்பா சிரித்தபோதா, மாப்பிள்ளை சிரித்தபோதா? பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான், எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். இதைச் சொல்லாமல் விட்டால் என்ன, வியாழக்கிழமை அவள் போய்விடுவாள், வந்துச்சு, நல்லாருக்கு, தேங்க்ஸ் என்று ஒரு வரி போதும், சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது, அவள் பல் உள்ளே போய்விடுமா... சொல்லாவிட்டால் இனி சொல்லவே போவதில்லை, அதுவும் அவனுக்குத் தெரிந்தது. ஃபோனில் அவள் பெயரைத் தேடினான், அங்கேயும் எலி என்றுதான் போட்டு வைத்திருந்தான்.

"என்னடா, வந்துச்சா?" என்றாள் எடுத்தவுடனே. கூடவே பெட்டிக்கு டேப் ஒட்டி இழுக்கும் சத்தம். வந்துச்சு என்றான். "எதும் உடையலையே?" உடையலை என்றான். அப்புறம் அவள் வீட்டுச் சாவியைப் பற்றி, அம்மாவின் தையல் மிஷினை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பற்றிச் சொன்னாள், அவன் ம் ம் என்றான், ஒவ்வொரு ம்முக்கும் சொல்ல வந்தது இன்னும் கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டிருந்தது, இப்போது சொல்லாவிட்டால் வச்சிடறேன் என்று சொல்லிவிடுவாள்... "அந்தக் கடிச்ச கட்டை ஒண்ணு இருந்துச்சு பாரு," என்றான். "ம்." "அது நான்தான். நான்தான் கடிச்சிருக்கேன். இப்பதான் அளந்து பாத்தேன், பால் பல்லு." டேப் சத்தம் நின்றது. கோபப்படுவாள் என்று நினைத்தான், அழுவாளோ என்றுகூட நினைத்தான், "அளந்து வேற பாத்தியா?" என்று அவள் சிரித்தாள், அந்தப் பக்கம் கை வாய்க்குப் போயிருக்கும், குரல் அப்படித்தான் ஒலித்தது. "அதைத்தானேடா நான் சொன்னேன்." எப்போ என்றான். "அன்னைக்குத்தான். நான் இல்லப்பா, தம்பிதான் கடிச்சான், நான் பாத்தேன்னு. அடி வாங்கிட்டும் சொன்னேன், சாப்பிடும்போது சொன்னேன், தூங்குற வரைக்கும் சொல்லிட்டே இருந்தேன். நீ என் பக்கத்துலதானே படுத்திருந்த." பெட்டியில் என்னென்ன வைத்தேன் என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள், அதில் ஒரு குத்தலும் இல்லை.

அவன் திரும்ப அந்தச் சாயங்காலத்துக்குப் போய்த் தேடினான். பெல்ட் பக்கிள் இருக்கிறது, அம்மாவின் ஈரக்கை இருக்கிறது, அலமாரியின் மேல் விளிம்பில் டின் உரசிய சத்தம் இருக்கிறது, அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறது, அவளும் இருக்கிறாள், சீருடையோடு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஆனால் அவள் வாய் திறக்கவே இல்லை, எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் மூடிய உதடுதான். அவ்வளவு சொல்லையும் அவன் என்ன செய்தான்? எங்கே கொண்டுபோய்ப் போட்டான்? "டேய், லைன்ல இருக்கியா?" என்றாள் அவள். இருக்கேன் என்று மொட்டையாகச் சொன்னால் போதாது, இந்த ஒரு தடவையாவது அவளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று இருந்தது, பழகிய பெயர் நாக்கு நுனிக்கு ஓடி வந்தது, பல்லை வைத்துத் தடுத்தான். வேறென்ன இருக்கிறது? எங்க அக்கா, எங்க அக்கா என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறான், அவளிடம்? ஐந்து வயதுவரை அப்படித்தான் கூப்பிட்டிருக்க வேண்டும், தரையில் படுத்துக்கொண்டு, கையை டின்னுக்குள் விட்டுக்கொண்டு, நாளுக்கு நூறு தடவை. மாடிப்படியில் சாப்பிடப் போனவர்கள் பேசிக்கொண்டே ஏறி வருவது கேட்டது. தன் குரலில் அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று தெரியாமல், வாயைத் திறந்தபடி, அவன் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.