தப்புக்கு ஒத்திகை

எங்கள் பள்ளிக்கூடத்தில் தப்பு என்பதே கிடையாது. கேள்வி கேட்டால் வகுப்பில் இருக்கும் நூற்றுச் சொச்சம் பிள்ளைகளும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். தெரியாதவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். தனியாக எழுந்து சரியாகச் சொன்ன பிள்ளைக்கு வகுப்பே தாளம் பிசகாமல் கை தட்டும். தப்பாகச் சொன்னால் என்ன செய்வது என்று யாரும் யோசித்ததில்லை. அதற்கு ஒருவர் வாயைத் திறந்தால்தானே!

நான் மூன்றாம் வகுப்பு வாத்தியார். எனக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதைப் பூச வேண்டும் என்று சலிமா மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஆனால் அந்த ஓட்டையால் எனக்குப் பொழுது போகாமல் இருந்ததில்லை.

இப்படிப்பட்ட பள்ளிக்கூடத்துக்குத்தான் டியாமிகே மூளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவி, இரண்டாம் வகுப்பில் பயிற்சிக்குப் போட்டிருந்தார்கள். மூளை ஆராய்ச்சி சொல்கிறபடி பாடம் நடத்துவது எப்படி என்று அவர்களுக்குப் புதிதாகப் பயிற்சி. நடத்தியவர் கச்சாலே அம்மா. பத்து நிமிஷத்துக்கு மேல் ஒரு மூளையால் உட்கார்ந்து கவனிக்க முடியாது என்பதை அவர் காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்கு நிசிமா களி வேகும் வரை, யாரையும் எழுந்திருக்க விடாமல் விளக்கினாராம். 'தவறு செய்யும்போதுதான் மூளை வளர்கிறது, ஆகவே தவறை வரவேற்போம்' என்று டியாமிகே எழுதிய கட்டுரையில் எழுத்துப்பிழைகளுக்காக மதிப்பெண்ணைக் கடித்துத் துப்பியவரும் அதே அம்மாள்தான்.

ஆனாலும் இந்தப் பெண் அதையெல்லாம் நம்பினாள். எனக்கு அவளிடம் பிடித்ததும் அதுதான், எரிச்சல் மூட்டியதும் அதுதான். இரண்டாம் வகுப்பில் யாங்கோ என்று ஒரு சிறுமி, மீன் காயப்போடும் பரண்களுக்குப் பக்கத்து வீடு. பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அவள் குரலை யாரும் கேட்டதில்லை. "வாயில என்ன மண்டாசிப் பணியாரத்தை அடைச்சு வச்சிருக்கியா?" என்று நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். டியாமிகே மட்டும் தினமும் அவளோடு தரையில் உட்கார்ந்து, சோடா மூடிகளைப் பரப்பிக்கொண்டு கெஞ்சுவாள்.

"தப்பாச் சொல்லு கண்ணு, பரவால்ல. தப்பு சொல்லச் சொல்லத்தான் உன் மூளை வளரும்."

யாங்கோ சோடா மூடிகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கச்சாலே அம்மா முதல் முறை அவள் பாடத்தைப் பார்த்து மதிப்பெண் போட வந்தார். பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் கோரஸாகச் சரியான பதில் சொன்னார்கள். டியாமிகே தோற்றாள்.

"உங்க வகுப்புல ஒரு தப்புகூட வரலையேம்மா. தப்பே இல்லாத இடத்துல மூளை எப்படி வளரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார் அம்மாள். இன்னொரு முறை வருவார். அதிலும் விழுந்தால் டியாமிகே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அழுதுகொண்டிருந்தவளிடம் தலைமையாசிரியர் கோண்ட்வே வந்தார். அதிகாரிகள் வந்தால் பிள்ளைகள் எங்கே சிரிக்க வேண்டும் என்பதற்கே ஒத்திகை நடத்துகிற மனிதர்.

"இதுக்குப் போயா அழற? தப்புதானே வேணும்? ஏற்பாடு பண்ணிட்டாப் போச்சு."

"சார், அது நிஜத் தப்பா இருக்காதே."

"நிஜத்தை நம்பித்தானே போன தடவை விழுந்த?"

தப்பு சொல்ல யாரைப் போடுவது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. "நல்லாப் படிக்கிற பிள்ளையாப் பாரு. மக்குங்களை நம்ப முடியாது. வாய் தவறிச் சரியாச் சொல்லித் தொலைக்கும்."

ஆகவே வகுப்பில் முதலாக வரும் தடாலா தேர்ந்தெடுக்கப்பட்டாள். எட்டும் ஐந்தும் எவ்வளவு என்றால் அவள் பன்னிரண்டு என்று சொல்ல வேண்டும்.

"பதிமூணு சார்! எனக்குத் தெரியும் சார்!" என்று அவள் அழுதே விட்டாள்.

"தெரிஞ்சா உனக்குள்ளயே வச்சுக்கோ. அடுத்த கணக்கையும் உனக்கே தர்றேன், அதைச் சரியாச் சொல்லிக்கலாம்."

தப்புக்கென்று தனியாக ஒரு கைதட்டலும் தயாரானது. இரண்டு தட்டு, காலால் ஒரு மிதி, பிறகு "வளரட்டும், வளரட்டும்!" வாரம் முழுவதும் அந்த மிதியில் என் வகுப்புச் சுவர் உதிர்ந்தது. ஓட்டை இன்னும் பெரிதானது.

அந்த நாளும் வந்தது. பின்கட்டில் கோழி வெந்துகொண்டிருக்க, கச்சாலே அம்மா வகுப்பின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோண்ட்வே வாசலில் நின்றார். டியாமிகே எட்டையும் ஐந்தையும் கரும்பலகையில் எழுதினாள். தடாலா எழுந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே கன்னத்தைச் சொறிந்து, மேலே பார்த்து யோசித்து, "பன்னிரண்டு மேடம்" என்றாள். என்ன நடிப்பு!

"அருமையான தப்பு!" என்றாள் டியாமிகே. இரண்டு தட்டு, ஒரு மிதி, வளரட்டும். அம்மாளின் பேனா பறந்தது.

அடுத்தது ஒன்பதும் நான்கும். தடாலா எழுந்திருக்கத் தயாரானபோது, சுவரோரத்தில் ஒரு கை உயர்ந்தது. யாங்கோ. யாரும் கூப்பிடும் முன்பே எழுந்து நின்றாள்.

"பதினொண்ணு" என்றாள்.

அப்போதுதான் அந்தக் குரலை முதல்முதலாகக் கேட்டேன். கொஞ்சம் கரகரப்பான குரல். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கைதட்டலுக்காகக் காத்திருந்தாள். இரண்டு பிள்ளைகள் தட்ட ஆரம்பித்து, ஒத்திகையில் இது இல்லையே என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். வாசலில் கோண்ட்வே கண்ணை உருட்டினார். டியாமிகே அவரைப் பார்த்தாள், அம்மாளின் பேனாவைப் பார்த்தாள்.

"உட்காரு யாங்கோ. உன்னை யாரு கேட்டா? தடாலா, நீ சொல்லு."

"பதிமூணு மேடம்!"

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. நான் ஓட்டையிலிருந்து தலையை இழுத்துக்கொண்டேன். டியாமிகேயின் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

டியாமிகே முதல் தரத்தில் தேறினாள். தவறுகளை வரவேற்பதில் அவள் மற்ற பயிற்சி ஆசிரியர்களுக்கு முன்மாதிரி என்றார் கச்சாலே அம்மா. கோழிக்காலைக் கடித்தபடி இதையும் சொன்னார்: "கடைசியில அந்தப் பொண்ணு பாடத்தைக் குழப்பப் பார்த்துச்சு. அழகாச் சமாளிச்சீங்க."

மறுநாள் மணி அடிக்கும் முன்பே டியாமிகே வந்துவிட்டாள். கையில் காகிதத்தில் சுற்றிய சூடான மண்டாசி. யாங்கோவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்பது மூடிகளையும் நான்கு மூடிகளையும் வைத்தாள்.

"நேத்து மேடம் செஞ்சது தப்பு கண்ணு. எவ்வளவுன்னு இப்போ சொல்லு. எப்படிச் சொன்னாலும் சரிதான்."

யாங்கோ மண்டாசியைத் தொடவில்லை. மூடிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினாள். ஓட்டை வழியாக நானும் கூடவே எண்ணினேன். ஒன்றைக்கூட விடவில்லை, சரியாகப் பதின்மூன்றில் அவள் விரல் நின்றது. தலையைத் தூக்கி, நேற்று கோண்ட்வே நின்ற வாசலை ஒரு தரம் பார்த்தாள்.

"இன்னைக்கு நான் எதைச் சொல்லணும் மேடம்? சரியையா, தப்பையா?"

டியாமிகே மண்டாசியை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். யாங்கோ அதைப் பார்த்தாள். பிறகு மூடிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினாள்.