எனிட்டின் சுக்கான்

இங்கிலாந்தின் செஷயர் மாவட்டம் முழுக்கக் கால்வாய்ப் படகிலேயே சுற்றிப் பார்க்கலாம் என்று என் புருஷன் கிளைவ் சொன்னபோது நம்பித்தான் ஏறினேன். எல்லை தாண்டியதும் சுக்கான் உன் கையில்தான் என்று சத்தியம் வேறு பண்ணினான். எல்லை தாண்டி நாலைந்து நாள் ஆகிவிட்டது. செஷயரில் நான் இதுவரை பார்த்ததெல்லாம் லாக் கதவுகளும் உள்ளங்கைக் கொப்புளங்களும்தான்.

கால்வாயின் இந்த இறக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு லாக், படகைத் தண்ணீரோடு கீழ்மட்டத்துக்கு இறக்கும் கல்தொட்டி. படகு அந்தக் கல்தொட்டிக்குள் போனதும் பின்கதவைச் சாத்தணும். இரும்புக் கைப்பிடியால் திருகி முன்மதகைத் திறக்கணும். தண்ணீர் வடிந்து படகு இறங்கியதும் முன்கதவை முதுகு கொடுத்துத் தள்ளணும். எல்லாம் நான். துரை பின்னால் நின்று சுக்கானை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு தேநீர் குடிப்பார். படகு வெளியே போனபிறகு கதவைச் சாத்துவதும் நானே. ஏறிக்கொள்கிறேன், கொஞ்சம் நில் என்றால், நட மொய்ரா, முழங்காலுக்கு நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். படகுக்காவது என் பெயரை வைத்தானா? எனிட். அவன் அம்மா பெயர்.

இறக்கம் வீலாக் என்கிற ஊரில் முடிகிறது. அதற்கடுத்த பாலத்தில் அவன் தம்பி ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. அண்ணனும் தம்பியும் சேர்ந்துவிட்டால் சுக்கான் பக்கம் என்னை அண்டவே விடமாட்டார்கள். அதனால் காலையிலிருந்து லாக்குக்கு லாக் கேட்டேன். இது குறுகல், அங்கே காற்று என்று தட்டிக்கழித்தான். கடைசி லாக்கும் வந்துவிட்டது. இதிலாவது கொடு என்றேன். பப் வாசலில் பியரோடு உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழும்படி, "கார பார்க் பண்ணவே வராது இவளுக்கு. எழுபதடிப் படகு கேக்குறா" என்றான். அவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போய் மதகைத் திறந்தேன். அவன் பப் பக்கம் திரும்பி, படகு ஓட்டுவது எப்படி என்று பாடம் எடுக்க ஆரம்பித்தான். லாக் சுவரில் ஒரு வெள்ளைக்கோடு உண்டு. கோட்டுக்குப் பின்னால், தண்ணீருக்கு அடியில் கல்படி. படகின் பின்பக்கம் கோட்டுக்கு முன்னால் நிற்கணும். எனிட் பையப் பையப் பின்னால் நகர்ந்தது. கோட்டைப் பார் என்று கத்தினேன். உன் வேலையைப் பார் என்றான், திரும்பாமலே.

தண்ணீர் இறங்கியது, படகின் பின்பக்கம் இறங்கவில்லை. கல்படிமேல் சப்பென்று உட்கார்ந்துகொண்டது. முன்பக்கம் தணிந்தது. உள்ளே தட்டுகள் சரிந்து உடைந்தன. இன்னும் கொஞ்சம் வடிந்திருந்தால் முன்வாசல் வழியாகத் தண்ணீர் புகுந்து முழுகியே போயிருக்கும். ஓடிப்போய் மதகை மூடினேன். அதில் என் சாமானும்தானே இருக்கிறது.

படகு அப்படியே சாய்ந்து நின்றது. பின்கதவிலிருக்கும் மேல்மதகைத் திறந்தால் போதும், தண்ணீர் ஏறித் தானாக மிதக்கும். கைப்பிடியை அதில் மாட்டினேன். திருகவில்லை.

"தெற மொய்ரா. என்ன யோசன?"

"எறங்கு."

"வெளையாடாத. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நீ எறங்கினாத்தான் தெறப்பேன். இனிமே சுக்கான் என் கையில."

கேப்டன் படகை விட்டு இறங்கமாட்டானாம். சரி என்று கதவுக்கட்டைமேல் உட்கார்ந்தேன். உள்ளே இன்னொன்று விழுந்து நொறுங்கியது. அவன் அம்மாவின் டீபாட். சத்தத்திலேயே தெரிந்தது எனக்கு, அவனுக்கும் தெரிந்தது. கரையில் கால் வைத்தான்.

தண்ணீரை மெதுவாக விட்டேன். எனிட் மிதந்தது. கைப்பிடியை அவன் கையில் திணித்துவிட்டு ஏறிப் படகைக் கோட்டுக்கு முன்னால் கொண்டுவந்தேன். எந்தப் பக்கம் திருகணும் என்று கேட்டான். இத்தனை நாள் என் முதுகையாவது பார்த்திருக்கலாம், பாவி. சொல்லிக்கொடுத்தேன். தண்ணீரை வடித்து, முன்கதவை முதுகு கொடுத்துத் தள்ளினான்.

வெளியே வரும்போது சுவரில் ஒரு உரசல். உரசட்டும். அவன் கதவைச் சாத்திவிட்டு மூச்சிரைக்கக் கரையோரம் ஓடிவந்தான்.

"கரைக்கு விடு, ஏறிக்கிறேன்."

"நட கிளைவ். முழங்காலுக்கு நல்லது."

கொஞ்சம் வேகம் கூட்டினேன். இரண்டு பக்கமும் புல்வெளி, மாடுகள், தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம். செஷயர் நன்றாகத்தான் இருக்கிறது. பாலத்தடியில் பெட்டியும் கையுமாக அவன் தம்பி நின்று கையாட்டினான். நானும் கையாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.